கேட்டைத் தாண்டாத கார்

சாவியைத் திருப்பினால் கார் எழுந்து உட்காரும். சாவியை விட்டால் படுத்துவிடும். புதன்கிழமை காலையிலிருந்து இதே கூத்துதான். ஸ்டார்ட்டர் சுற்றும்போதே எஞ்சின் கப்பென்று பற்றிக்கொள்ளும். ‘சரி, கிளம்பிவிட்டது’ என்று விரலைத் தளர்த்திய நொடியில், யாரோ வாயைப் பொத்தியதுபோல் நின்றுபோகும். காருக்கும் கேட்டுக்கும் நடுவே பத்தடி தூரம். அந்தப் பத்தடியை மூன்று நாளாக அதனால் கடக்க முடியவில்லை.

காரின் சொந்தக்காரரைத் தெருவில் எல்லோரும் லைன்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் லைன்மேன் இல்லை. முப்பத்தெட்டு வருஷம் தொலைபேசி இலாகாவில், மண்ணுக்கடியில் போகும் கேபிள்களை இணைக்கும் ஜாயின்டராக இருந்தவர். கம்பத்தில் ஏறுகிறவர் வேறு, குழிக்குள் இறங்குகிறவர் வேறு என்று ஓய்வுபெற்ற பிறகும் பதினோரு வருஷமாகத் திருத்திக்கொண்டே இருக்கிறார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாமும் லைன்மேன் என்றே வைத்துக்கொள்வோம், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். போன மாதம் வந்தபோது முன்பக்க பம்பரில் ஒரு நசுங்கலைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை குனிந்து விரலால் தடவினார். “என்ன மாமா இது?” என்று கேட்டார். மார்க்கெட் ஓரத்தில் நிறுத்தியிருந்தபோது எவனோ இடித்துவிட்டுப் போய்விட்டான் என்றார் லைன்மேன். “பச்சை பெயின்ட் ஒட்டியிருக்கே” என்றார் மாப்பிள்ளை. “பச்சை வேன்” என்றார் லைன்மேன். மாப்பிள்ளை அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் மகள் பேச்சை ஆரம்பித்தாள். அப்பாவுக்கு எழுபத்தொன்று, காருக்கு இருபத்தொன்பது, இரண்டும் சேர்த்து நூறு, போதும் என்றாள். பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் ஓர் ஒப்பந்தத்தில் வந்து நின்றது. அடுத்த முறை வரும்போது குடும்பத்தோடு ஏரிவரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். கார் மக்கர் பண்ணாமல் போய் வந்தால் கார் இருக்கட்டும். மக்கர் பண்ணினால் சாவி மாப்பிள்ளை கைக்குப் போய்விடும்.

சாவி போனால் தன் கால்கள் போன மாதிரி என்று லைன்மேன் நினைத்தார். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறி, நிற்க இடம் தேடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கும் கிழவனாகத் தன்னை நினைத்துப் பார்த்ததும் சாவியைச் சட்டைப்பையின் அடிவரை அமுக்கிக்கொண்டார்.

அதனால்தான் சந்தேகம். ஒப்பந்தம் போட்ட காருக்குச் சரியாக அந்த வாரத்திலா கோளாறு வரும்?

சந்தேகப்படுவது அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த குணம். செத்த லைனை யாரோ கொன்றிருக்கிறார்கள் என்றுதான் அவர் குழிக்குள் இறங்குவார். எலியாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம், ரோடு தோண்டினவனாக இருக்கலாம். இலாகாவின் புகார்ப் புத்தகத்தில் சோம்பேறிகள் எழுதும் ஒரு வரி உண்டு: ‘சோதித்தோம், கோளாறு கண்டுபிடிக்க முடியவில்லை.’ முப்பத்தெட்டு வருஷத்தில் லைன்மேன் கையெழுத்தில் அந்த வரி ஒரு முறைகூட விழுந்ததில்லை. அதை எழுதுகிறவர்களை அவர் மனுஷனாகவே மதித்ததில்லை.

மூன்று நாளாகத் தானே துருவினார். பேட்டரி நன்றாக இருந்தது. பெட்ரோல் வந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மாடியில் குடியிருப்பவர் தன் பைக்கை உள்ளே நிறுத்த இடம் கேட்டு ஒரு வருஷமாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார், அவராக இருக்குமோ என்று பார்த்தார். அவர் இரண்டு வாரமாக ஊரிலேயே இல்லை. போன மாதம் ஆயில் மாற்றிய ஒர்க்‌ஷாப்காரன் எதையாவது கழற்றிவிட்டானோ என்று பார்த்தார். அவன் தொட்டதெல்லாம் அடிப்பக்கம்தான். மிச்சம் இருந்தது ஒரே ஆள். மருந்துக்கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை. திங்கட்கிழமை மாலை மாமியாருக்கு முட்டுவலித் தைலம் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று தனியாக வந்து போயிருந்தார். அப்போது லைன்மேன் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார்.

“மாப்பிள்ளை வந்தப்போ கார்கிட்ட போனாரா?” என்று மனைவியிடம் கேட்டார்.

அவர் மனைவியைத் தெருவே வீட்டம்மா என்று சொல்லும். வீட்டம்மா இடது கையால் மாவு சலித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாமே இடது கைதான்.

“நான் கவனிக்கலைங்க,” என்றார், சல்லடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நீ எதைத்தான் கவனிச்சிருக்க.”

நாற்பத்து மூன்று வருஷத்தில் இந்த வீட்டில் மிக்ஸி, ஃபேன், மோட்டார், கார் என்று எது பழுதானாலும் லைன்மேன் தலையை உள்ளே விட்டுக்கொள்வார், வீட்டம்மா டார்ச் பிடிப்பார், வயர் கட்டும்போது நூலின் மறு நுனியையும் பிடிப்பார். வேலை செய்யும்போது லைன்மேனின் வாய் ஓயாது. இது எங்கே போகிறது, அது எதற்கு, இதைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே இருப்பார். நடுநடுவே “டார்ச்சை நேரா பிடி” என்று ஓர் அதட்டல். வீட்டம்மா கொட்டாவி விட்டபடி நேராகப் பிடிப்பார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லைன்மேன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெளியாளைக் கூப்பிட்டார். வந்தவர் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் எலக்ட்ரீஷியன். பேட்டைக்கே பல்பு என்றுதான் அவரைத் தெரியும். மீட்டர், கம்ப்யூட்டர் என்று எதுவும் கொண்டுவர மாட்டார். ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், ஒரு வயரின் நுனியில் ஊசி, அவ்வளவுதான். ஊசியைக் குத்துவார். பல்பு எரிந்தால் கரண்ட் இருக்கிறது, எரியாவிட்டால் இல்லை. மனுஷன் பொய் சொல்வான், பல்பு சொல்லாது என்பார்.

“ஸ்டார்ட் பண்ணுங்க சார்,” என்றார்.

லைன்மேன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் எழுந்தது. விட்டார். படுத்தது.

“இன்னொரு தடவை.”

அதே கதை. பல்பு தாடையைச் சொறிந்துகொண்டார்.

“சாவியைத் திருப்புற வரைக்கும் ஓடுது, விட்டா நிக்குது. அப்போ திருப்பும்போது வர்ற கரண்ட் வேற வழி, விட்ட பிறகு வர்ற கரண்ட் வேற வழி. ரெண்டாவது வழி எங்கயோ அடைச்சிருக்கு.”

“எனக்குத் தெரியாதா தம்பி,” என்றார் லைன்மேன். “அந்த வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர் வழியாத்தான் வரணும். நான் பார்த்துட்டேன். அதுக்கு வர்ற வயர்ல கரண்ட் இருக்கு.”

“வயர்ல இருக்கு சரி. ரெசிஸ்டர்ல இருக்கா?”

“வயர்ல இருந்தா ரெசிஸ்டர்ல இருக்காதா?”

பல்பு பானெட்டுக்குள் குனிந்தார். எஞ்சினுக்குப் பின்பக்கம், வெளிச்சம் எட்டாத மூலையில் அந்த வெள்ளைக் கட்டி இருந்தது. அதற்குப் போகும் வயர்க்கட்டைப் பார்த்து அவர் புருவம் உயர்ந்தது. மற்ற கார்களில் டேப் சுற்றியிருப்பார்கள். இதில் மெழுகு பூசிய நூலால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு முடிச்சாக, பின்னல் மாதிரிக் கட்டியிருந்தது.

“யார் சார் கட்டினது?”

“நான்தான்,” என்றார் லைன்மேன். குரலில் கொஞ்சம் நெய் வழிந்தது. “பதினஞ்சு வருஷத்துக்கு முந்தி மொத்தக் காருக்கும் நானே வயரிங் போட்டேன். கேபிள்காரங்க முடிச்சு. ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது.”

“ஓரத்து முடிச்சை அவுக்கணும் சார். இணைப்பைக் கழட்டிப் பார்க்கணும்.”

“அதை விட்டுட்டு வேற இடத்தைப் பாருங்க. அது என் இணைப்பு. என் இணைப்பு போகாது.”

பல்பு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. “மூணு நாளா அந்த ஒரு இடத்தைத்தான் நீங்க பார்க்கலை போல,” என்றார்.

லைன்மேனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உண்மைதான். எல்லா இடத்தையும் சந்தேகப்பட்டவர், தன் கை பட்ட இடத்தைச் சோதிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

பல்பு ஊசியை வயர் நுனியில் வைத்தார். எரிந்தது. ரெசிஸ்டரின் காலில் வைத்தார். எரியவில்லை. வயருக்கும் காலுக்கும் நடுவே ஒரு இணைப்புதான் இருந்தது. அது நன்றாக மாட்டியபடிதான் தெரிந்தது. முடிச்சை அவிழ்த்து இணைப்பை இழுத்தார். அதற்குள்ளிருந்து கண்ணாடி மாதிரி ஏதோ ஒரு துணுக்கு வெளியே வந்தது. உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். நகத்தைவிடச் சின்னதாக, ஓரம் பிசிறில்லாமல் வெட்டிய பிளாஸ்டிக்.

“மாத்திரை அட்டை சார். மாத்திரை வைக்கிற பிளாஸ்டிக் பக்கம். இதை உள்ள சொருகி மாட்டியிருக்காங்க. பார்த்தா மாட்டின மாதிரி இருக்கும், கரண்ட் மட்டும் தாண்டாது.”

“வேணும்னே செஞ்சதா?”

“பின்ன, மாத்திரை அட்டை தானா நடந்து வந்து உட்காருமா?” பல்பு துணுக்கைப் பானெட் ஓரத்தில் வைத்தார். “ஆனா ஒண்ணு சார். எதிரியா இருந்தா வயரை வெட்டிட்டுப் போயிருப்பான். ஷார்ட் ஆகித் தீப்பிடிச்சாலும் அவனுக்கு என்ன. இதைச் செஞ்ச ஆள் ஒரு வயருக்குக்கூடச் சேதம் வைக்கலை. நடு ரோட்டுல நின்னுபோற மாதிரியும் வைக்கலை. வீட்டை விட்டே கிளம்பாத மாதிரி பார்த்து வச்சிருக்காங்க. இது உங்களுக்கு வேண்டியவங்க வேலை.”

லைன்மேனின் காதில் விழுந்தது இரண்டே விஷயம்தான். மாத்திரை அட்டை. வேண்டியவங்க. மருந்துக்கடைக்காரன் கையும் களவுமாக மாட்டினான் என்று அவர் ரத்தம் கொதித்தது. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். பல்பு, “பொறுமையா சார்,” என்று சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

“சொல்லுங்க மாமா.”

“திங்கட்கிழமை நான் இல்லாத நேரம் பார்த்து வந்து என்ன வேலை பண்ணிட்டுப் போனீங்க?”

“தைலம் கொடுத்துட்டுப் போனேன். ஏன்?”

“தைலமா? கார்ல மாத்திரை அட்டையை வெட்டிச் சொருகிட்டுப் போயிருக்கீங்க. சாவி வேணும்னா நேரா கேட்டு வாங்கத் தெரியாதா? திருட்டுத்தனம் பண்ணி வாங்கணுமா?”

அந்தப் பக்கம் கடையில் யாரோ ஒருவர் இருமல் மருந்து கேட்கும் குரல் கேட்டது.

“மாமா,” என்றார் மாப்பிள்ளை. குரல் தாழ்ந்திருந்தது. “எனக்கு அந்த பானெட்டைத் திறக்கக்கூடத் தெரியாது. போன வருஷம் தண்ணி ஊத்தச் சொன்னீங்க, நான் லீவரைத் தேடி டிக்கியைத் திறந்துட்டேன். நீங்க பத்துப் பேர்கிட்ட சொல்லிச் சிரிச்சீங்க. மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. பத்துப் பேர் இல்லை, இருபது பேரிடம் சொல்லியிருந்தார். லைன்மேன் போனை வைத்தார். சொன்ன வார்த்தையை விழுங்க முடியுமா? அது போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்புறம் யார்?

அவிழ்த்த நூல் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. பல்பு ஓரத்து முடிச்சை மட்டும்தான் அவிழ்த்திருந்தார். அதற்கு அடுத்த முடிச்சு அப்படியே இருந்தது. லைன்மேன் கையை உள்ளே விட்டு அதைத் தடவினார். அவருக்கு இப்போதெல்லாம் கண்ணைவிட விரல்தான் நன்றாகத் தெரியும். குழிக்குள் இருட்டில் ஆயிரம் முடிச்சு போட்ட விரல்கள். மற்ற முடிச்சுகளைத் தடவினார், நூல் வலப்பக்கமாக ஏறி இடப்பக்கம் இறங்கியது. இந்த முடிச்சில் இடப்பக்கமாக ஏறி வலப்பக்கம் இறங்கியது. அதே முடிச்சு, அதே இறுக்கம், அதே மெழுகு நூல். திசை மட்டும் தலைகீழ்.

அவருடைய முடிச்சைப் போடத் தெரிந்த இடது கைக்காரர்.

ஊரில் ஒருத்தனுக்கும் தெரியாதுதான். நூலின் மறு நுனியை நாற்பத்து மூன்று வருஷம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்திக்குத் தெரியும்.

லைன்மேன் காரின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டார். முதலில் வந்தது கோபம். அதன் பின்னாலேயே பயம் வந்தது, அது கோபத்தைவிடப் பெரிதாக இருந்தது. பச்சை வேன் என்று ஒன்று கிடையாது என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்துச் சந்திப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த பெண்ணை அவர் பார்க்கவே இல்லை. வெயில் கண்ணில் அடித்தது என்று பிறகு சொல்லிக்கொண்டார். அன்றைக்கு மேகமூட்டம். பக்கத்து இருக்கையிலிருந்து வீட்டம்மா பாய்ந்து ஸ்டியரிங்கை இழுத்ததால் கார் நடைபாதையின் பச்சைக் கம்பியில் போய் முட்டியது. அந்தப் பெண் சைக்கிளைப் போட்டுவிட்டு நடு ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். லைன்மேன் கண்ணாடியைக்கூட இறக்காமல் ரிவர்ஸ் எடுத்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே மார்க்கெட் கதையைத் தயார் செய்துவிட்டார். வீட்டம்மா அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவில்லை என்பதால் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டம்மா இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். ஒன்றைப் பல்புவிடம் கொடுத்தார். இரண்டாவதைக் கொடுக்கத் திரும்பியபோது பானெட் ஓரத்தில் இருந்த பிளாஸ்டிக் துணுக்கைப் பார்த்தார். டம்ளர் ஆடவில்லை.

“நீதானா?” என்றார் லைன்மேன்.

“ஆமாங்க.”

பல்பு டீயை எடுத்துக்கொண்டு கேட் பக்கம் நகர்ந்து, தெருவில் ரொம்ப முக்கியமான எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“மூணு தடவை சொன்னேன். கண் டாக்டர்கிட்ட போகலாம்னு ஒரு தடவை. ஹெட்லைட் மங்கல், மாத்திட்டா சரியாயிடும்னீங்க. கொஞ்ச நாள் ஓட்ட வேண்டாம்னு ஒரு தடவை. அப்பவும் ஹெட்லைட்தான். மூணாவது தடவை அந்தப் பொண்ணைப் பத்திப் பேச்செடுத்தேன். நீங்க எழுந்து காரைத் துடைக்கப் போயிட்டீங்க.”

“புள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா உங்களை என்னன்னு நினைப்பாங்க?” வீட்டம்மாவின் குரல் முதல் முறையாக உடைந்தது. “கார் கெட்டுப்போச்சுன்னு இருக்கட்டும். நீங்க கெட்டுட்டீங்கன்னு ஏன் இருக்கணும்?”

லைன்மேன், கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டுத் தொழில் சம்பந்தமான கேள்வி ஒன்றைக் கேட்டார். “அத்தனை வயர் இருக்கு. இந்த இணைப்பு எப்படித் தெரிஞ்சுது?”

“நீங்கதான் சொன்னீங்க. வயரிங் போட்டப்போ. இது போனா வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடாது, வீட்டு வாசல்லயே நின்னுடும், ஆபத்தில்லாத கோளாறுன்னு.” வீட்டம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “டார்ச் பிடிக்கிறவளுக்குக் காது இருக்காதா?”

பல்பு காலி டம்ளரோடு திரும்பி வந்தார். இருவரையும் பார்க்காமல், “மாட்டிடவா சார்? அரை நிமிஷ வேலை,” என்றார்.

மாட்டினால் கார் ஓடும். நாளைக்கு ஏரிக்குப் போகும், திரும்பும், சாவி சட்டைப்பையிலேயே இருக்கும். லைன்மேன் அந்தத் துணுக்கைக் கையில் எடுத்தார். அது கையில் இருப்பதே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. விரலால் தேய்த்துத்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். அந்தப் பெண் இதைவிட எத்தனை மடங்கு பெரியவள், அவளும்தான் கண்ணில் படவில்லை.

“வேண்டாம் தம்பி. யாராவது கேட்டா, கோளாறைக் கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லுங்க.”

“என் பேரு கெட்டுப்போகும் சார்.”

“என் பேரும்தான்.”

பல்பு தன் விளக்கையும் வயரையும் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

லைன்மேன் மறுபடியும் போனை எடுத்தார்.

“மாப்பிள்ளை, நான் சொன்னது தப்பு. நீங்க இல்லை. மன்னிச்சுக்குங்க.”

“பரவாயில்லை மாமா. அப்போ என்னதான் கோளாறு?”

லைன்மேன் வீட்டம்மாவைப் பார்த்தார். அந்த வரி முப்பத்தெட்டு வருஷமும், அதற்கு மேல் பதினோரு வருஷமும் அவர் வாய்க்கு வராத வரி. இப்போது வந்தது.

“சோதிச்சுப் பார்த்தாச்சு. கண்டுபிடிக்க முடியலை. நாளைக்கு வரும்போது நம்ம எல்லாருக்கும் சேர்த்து ஒரு வாடகை வண்டி சொல்லிடுங்க. சாவியை அப்போ தரேன்.”

போனை வைத்துவிட்டுத் துணுக்கைப் பழையபடி இணைப்புக்குள் செருகி, இணைப்பை ரெசிஸ்டரில் தள்ளி மாட்டினார். நூலை எடுத்தார். கை தானாக வலப்பக்கம் போனது. நிறுத்தி, இடப்பக்கமாகச் சுற்றிப் பார்த்தார். நழுவியது. இன்னொரு முறை சுற்றினார். மறுபடியும் நழுவியது. கண்ணும் கைகொடுக்கவில்லை.

“நீயே போடு,” என்று நூலை நீட்டினார்.

வீட்டம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தார். உள்ளே இருட்டாக இருந்தது. லைன்மேன் கருவிப்பெட்டியிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்தார். வெளிச்சம் ரெசிஸ்டரிலும் பம்பரிலும் மாறி மாறி விழுந்தது.

வீட்டம்மா தலையைத் தூக்காமல் சொன்னார்:

“நேரா பிடிங்க.”